அப்பாவின் கோபமும் ஓடிப்போன பிள்ளையும்

விடலைப் பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ சினிமா வந்திருக்கிறது. முக்கால்வாசிப் படங்களில் காதல்தான் பிரதானம். வீடு என்பது மேஜை நாற்காலி மாதிரி பின்னால் கிடக்கும். எங்கள் விருதுநகர்க்காரர் வசந்தபாலன் 2006-ல் எடுத்த 'வெயில்' அப்படியில்லை. அதில் வீடுதான் கதை. தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது. 2007-ல் கான் பட விழா வரை போய் வந்தது.

பார்க்காத சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா கறிக்கடைக்காரர். மூத்தவன் முருகேசன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போய், சிகரெட்டும் கையுமாக அகப்பட்டுக்கொள்கிறான். அவர் அவனை அடித்து, உடுப்பைக் கழற்றி, கட்டி, வெயிலில் போட்டுவிடுகிறார். பையன் வீட்டிலிருந்த பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். எங்கோ ஒரு கொட்டகையில் ஆபரேட்டராக வளர்ந்து, இருபது வருஷம் கழித்து, வெறுங்கையோடு திரும்பி வருகிறான்.

எங்க ஊர் வெயிலைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. சித்திரையில் மாடியில் போட்ட வற்றல் ஒரே நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அது வரப்பிரசாதம்; பிள்ளைக்கு ஆகுமா? ஆனாலும் முருகேசனை விரட்டியது அந்தச் சூடு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. துணியில்லாமல் வெளியே கிடந்ததே, அதுதான். பதிமூணு பதினாலு வயசில் அடிபட்ட வலி சாயங்காலத்துக்குள் போய்விடும். பார்த்தவர்கள் முகம் போகாது.

பெரிய முருகேசனாக வரும் பசுபதியைக் கவனித்துப் பாருங்கள். ஆள் வளர்ந்திருக்கிறான், அப்பா முன்னால் மட்டும் அதே பையனாகக் கூசி நிற்கிறான். தம்பி கதிரோ ஊரிலேயே விளம்பரக் கம்பெனி நடத்துகிறான். ஒரே வீடு, ஒரே அப்பா. அண்ணன் வந்ததில் தம்பிக்குச் சந்தோஷம். அப்பாவுக்கு மனசு இளகவில்லை. "அடிச்சு வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும் உருப்படாது" என்று நம்ம பக்கம் சொல்வார்கள். சொன்னவருக்கு மீசையைப் பற்றித்தான் தெரிந்திருக்கும்!

முருகேசனுக்காவது மட்டம் போட ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 1990-ல் வந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற செய்திப் படத்தில், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் தீப்பெட்டி வேலைக்குப் போவதைப் பார்க்கலாம். வீட்டுக் கஷ்டத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு விடலைப் பருவமே வாய்க்கவில்லை.

காலேஜில் படிக்கும் என் மகள் ஒரு பிரெஞ்சுப் படம் போட்டுக் காட்டினாள். த்ரூஃபோ என்பவர் 1959-ல் எடுத்தது, 'ஃபோர் ஹண்ட்ரட் ப்ளோஸ்'. அதிலும் பையன் மட்டம் போட்டு சினிமாவுக்குத்தான் போகிறான்! வாத்தியார் கேட்டதற்கு, அம்மா செத்துப்போச்சு என்று கூசாமல் புளுகுகிறான். நானும் முதலில், இப்படியும் ஒரு பிள்ளையா என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா அவனிடம் பேசுகிற தோரணையைப் பார்த்த பிறகு கோபம் வரவில்லை.

கை நீட்டினால்தான் காயம் என்றில்லை. பாண்டிராஜின் 'பசங்க' (2009) படத்தில் அன்புவின் அப்பாவும் அம்மாவும் ஓயாமல் சண்டை போடுவார்கள். தைரியசாலியான பிள்ளை அந்தச் சத்தத்தில் ஒடுங்கிப் போகிறான். அக்கம்பக்கத்து வாத்தியார் வந்து அப்பாவுக்கு எடுத்துச் சொல்கிறார்.

எல்லாத் தெருவிலும் அப்படி ஒரு வாத்தியார் கிடைப்பாரா? ஆம்பளை கோபத்தில் இருக்கும்போது குறுக்கே போனால் நமக்கும் விழும், வாஸ்தவம்தான். முதலில் வாசல் கதவையாவது சாத்தலாம். ராத்திரி அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, "அவனைக் கூப்பிடுங்க" என்று அப்பாவைக் கொண்டே கூப்பிடச் சொல்லலாம். எங்கள் தெருவில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை வீட்டில், சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைத் திட்டக்கூடாது என்று மாமியார் போட்ட சட்டம் இன்னும் நடக்கிறது. ராங்க் கார்டு வந்தால்கூட மறுநாள் காலை காப்பிக்குப் பிறகுதான் பையைவிட்டு வெளியே வரும்.