அக்கா கேட்ட ஒரு வார்த்தை

அடையாறிலிருந்து அக்கா வந்தால் முதலில் காபி, பிறகுதான் பேச்சு. அன்று டம்ளரைத் தொடவேயில்லை. மகனுக்கு இருபத்தாறு வயதாயிற்றே என்று ஜாதகத்தை எடுத்திருக்கிறாள். அவனோ, "அம்மா, எனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஆண்களிடம்தான். ஒரு பெண்ணோட வாழ்க்கையைக் கெடுத்துடாதே" என்று சொல்லிவிட்டானாம்.

"அவர்கிட்ட இதை என்னன்னு சொல்றதுடி? எனக்குத் தெரிஞ்ச வார்த்தையெல்லாம் வசவாத்தான் இருக்கு" என்று அழுதாள். எனக்குத் தெரிந்ததும் அவைதான். யாரோ ஒரு டாக்டர் 'சரிப்படுத்தி' விடுவாராம், போகலாமா என்றும் கேட்டாள்.

நான் அவள் பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்டேன். "பதினாறு வயசுல 'ஓரினம்' குழு தமிழ்ல எழுதினதைப் படிச்சேன் சித்தி. நான் ஒருத்தன் மட்டும் இல்லைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றான். ஓரினம் சென்னையில் 2003-இல் தொடங்கிய குழு. பத்து வருஷம் இந்தப் பிள்ளை எங்களிடம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறான்!

எங்கள் மயிலாப்பூரில் 1994-லிருந்து 'மயிலாப்பூர் டைம்ஸ்' வருகிறது. தெருவில் குழாய் உடைந்ததுகூட அதில் செய்திதான். பெரிய பத்திரிகைக்கு அதெல்லாம் கண்ணில் படாது. இவர்களுக்கும் அப்படிச் சொந்தப் பத்திரிகைகள் உண்டு என்பது எனக்குப் புதுசு. சான் பிரான்சிஸ்கோவில் 1971-லிருந்து 'பே ஏரியா ரிப்போர்ட்டர்' வருகிறது. எய்ட்ஸ் வாரிக்கொண்டு போன நாட்களில் வாராவாரம் இறந்தவர்களின் படமும் இரண்டு வரி நினைவும் போட்டது. பெற்ற வீடே கைவிட்டவர்கள் அதில் பலர். 1998 ஆகஸ்டில், பல வருஷங்களுக்குப் பிறகு முதன்முதலாக, 'இந்த வாரம் மரண அறிவிப்பு இல்லை' என்பதையே தலைப்புச் செய்தியாக வெளியிட்டதாம்.

நம் நாட்டில் 1990-இல் அசோக் ராவ் கவி பம்பாயில் 'பாம்பே தோஸ்த்' தொடங்கினார். பழுப்புக் காகிதத்தில் சுற்றித்தான் விற்பார்களாம். 2002-இல் நின்றுபோய் 2009-இல் மறுபடி வந்தது. ஒளித்து வைத்துப் படிக்கிற பத்திரிகை என்றால் நாம் வேறு மாதிரி நினைப்போம். தனியாகத் தவித்தவர்களுக்கு 'உன்னைப் போல் நானும் இருக்கிறேன்' என்று சொன்ன பத்திரிகை இது.

தமிழில் எழுதுவதற்கோ முதலில் வார்த்தையே இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு 2021-இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இது புரியவில்லை என்று ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதியே கேட்கலாமென்றால் நமக்கென்ன வெட்கம்? இவர்களை 'மாற்ற' வைத்தியம் செய்யக்கூடாது என்று அவர் உத்தரவிட்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்றது. உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்ததே 1990-இல்.

அதே வழக்கின் பலனாக, இவர்களை எந்தச் சொல்லால் குறிப்பிட வேண்டும் என்ற பட்டியலைத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகைகளும் அதையே பயன்படுத்த வேண்டும். அதற்கு முன்பே இவர்கள் கூடிப் பேசி, எழுதி, சொல் தேடிக்கொண்டிருந்தார்கள். 2018 ஜூலையில் எங்கள் பேட்டையிலேயே, கவிக்கோ மன்றத்தில், இவர்களுக்காக ஒரு இலக்கிய விழா நடந்திருக்கிறது. அந்த வழியாக எத்தனை தடவை காய்கறிப் பையோடு போயிருக்கிறேன், தெரியவில்லை.

'தன்பால் ஈர்ப்பு' என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அக்கா இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள்.

அத்திம்பேர் நாலு நாள் யாரோடும் பேசவில்லையாம். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, "அந்த டாக்டரெல்லாம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னாராம். ஜாதகம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.