மோட்டார் வண்டியின் பின்சக்கர நேரமைப்பு

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களை அடுத்த ஆரியங்கோடு போன்ற கிராமங்களில் சாலைகள் ரப்பர்த் தோட்டங்களினூடே வளைந்து ஏறியிறங்குகின்றன. ஆண்டில் இரு பருவமழைகளும் அங்குப் பெய்கின்றன. ஈரமான வளைவில் வண்டியின் பின்புறம் வழுக்குமாயின் பெருந்தீங்கு நேரும். தேய்ந்த டயர், மிகு வேகம் ஆகியவற்றோடு பின்சக்கரங்களின் கோணலும் இதற்குக் காரணமாகலாம்.

வண்டியைத் திருப்புபவை முன்சக்கரங்களாதலின் அவற்றை மட்டும் சீர்செய்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் நேர்ச்சாலையில் வண்டி செல்லும் திசையைப் பின்சக்கரங்களே முடிவு செய்கின்றன. அவை ஒருபுறம் நோக்கியிருப்பின், ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பிப் பிடித்தே நேராகச் செலுத்த இயலும். பின்னாலிருந்து காண்போருக்கு வண்டி நண்டுபோல் சாய்ந்து செல்வது புலப்படும்.

2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். இதன் பின் அச்சு ஒரே உறுதியான கூடு. இருபுறமும் பட்டை ஸ்பிரிங்குகளின்மேல் அது பிணைக்கப்பட்டுள்ளது. இதில் சக்கரக் கோணத்தை மாற்றுதற்கான திருகு எதுவும் இல்லை. ஸ்பிரிங்கின் நடுப்போல்ட்டின் தலை, அச்சிலுள்ள குழியில் பொருந்தி, அச்சை அதற்குரிய இடத்தில் நிறுத்துகின்றது. யு வடிவ போல்ட்டுகள் தளர்ந்தால் நடுப்போல்ட்டு அறுந்து, அச்சு ஒருபுறம் நகர்ந்துவிடும். இரு ஸ்பிரிங்குகளுக்கும் இடையே 1 மீட்டர் தூரம் எனவும், ஒருபுறம் அச்சு 1 சென்டிமீட்டர் பின்னடைந்தது எனவும் கொள்வோம். சாய்வு நூற்றில் ஒன்று. முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 2.46 மீட்டராதலின், பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தினின்று ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் விலகி ஓடும். பள்ளி மாணவர் இக்கணக்கைக் காகிதத்தில் வரைந்தே காணலாம்.

சோதனை எளிது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்பிரிங்கின் முன்காதுப் போல்ட்டிலிருந்து அச்சு வரையுள்ள தூரத்தை இருபுறமும் அளக்க வேண்டும். வேறுபாடு காணின், புதிய நடுப்போல்ட்டு இட்டு, அச்சைக் குழியில் பொருத்தி, யு போல்ட்டு மரைகளைச் சீராக முறுக்குதல் வேண்டும். சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் முறுக்குதல் நலம். இவ்வாறு செய்யாது, முன்சக்கரத் தண்டுகளைத் திருகி ஸ்டீயரிங்கை மட்டும் நேராக்குவோர் உளர். அது குறையை மறைக்குமேயன்றி நீக்காது.

சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதனின் வேறுபட்டது. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடுவன. ஒவ்வொன்றையும் முன்னின்று ஒரு தண்டு பிடித்துள்ளது. அத்தண்டின் பிடியிலுள்ள மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ கோணத்தை மாற்றலாம். சக்கரம் பின்னே தள்ளப்படின் அதன் முன்விளிம்பு வெளிநோக்கித் திரும்பும். முன்னே இழுக்கப்படின் உள்நோக்கும். ஜாக்கியில் தூக்கி இறக்கியவுடன் அச்சக்கரங்கள் இயல்பு நிலைக்கு வாரா. வண்டியைச் சில அடி உருட்டிய பின்னரே அளத்தல் வேண்டும். 1972-இல் வந்த கெஸல் காரில் இவ்வமைப்பு கைவிடப்பட்டு உறுதியான அச்சு இடம்பெற்றது.

இக்காலச் சிறு கார்கள் பலவற்றில் பின்புறம் முறுக்குத்தண்டு அமைப்பே உள்ளது. அதிலும் திருகு பெரும்பாலும் இராது. நான்கு சக்கரங்களையும் ஒருங்கே அளக்கும் பொறிகள் இப்போது நகரங்களில் உள்ளன. அவற்றில் முதலில் பின்சக்கரங்களின் திசை காணப்பட்டு, அதனையொட்டியே முன்சக்கரங்கள் அமைக்கப்படுகின்றன.