சூடு எந்த இடத்துச் சூடு?

திண்டிவனம் சாலையில் வரும் சரக்கு லாரிகள் புதுச்சேரி எல்லைக்குள் நுழையும் இடம் கோரிமேடு. அங்கே நிற்கும் லாரி ஒன்றின் கேபினில் ஏறிப் பார்த்தால் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் இருக்கும். காற்றழுத்தம், டீசல் அளவு எல்லாம் கண்ணெதிரே தெரியும். கியர்பாக்ஸ் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டும் மீட்டர் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

அதை ஒரு பெரிய குறை என்று சொல்லிவிட முடியாது. நம் சாலைகளில் ஓடும் லாரிகளில் மிகப் பெரும்பான்மை, கிளச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டிகள். அவற்றின் பற்சக்கரங்கள் கெட்டியான கியர் ஆயிலில் நனைந்தபடி சுழல்கின்றன. ஆயில் குறையாமல் இருந்து, பாரமும் அளவோடு இருந்தால் சூடு எல்லை மீறுவது அபூர்வம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சங்கதி வேறு. அதில் கிளச் பெடல் இருந்த இடத்தை டார்க் கன்வெர்ட்டர் பிடித்துக்கொள்கிறது. என்ஜினோடு சுழலும் ஒரு விசிறி ஆயிலைத் தள்ள, எதிரே இருக்கும் இன்னொரு விசிறி அந்த வேகத்தில் சுழலும். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற உத்தி இது. கோரிமேட்டில் லாரியைத் திணறவைக்கும் ஏற்றம் கிடையாது. ஆனால் இங்கிருந்து சேலம் போய் தருமபுரிக்குத் திரும்பும் வண்டி தொப்பூர் கணவாயில் ஏறியாக வேண்டும். முழு பாரத்தோடு அப்படி ஊர்ந்து ஏறும்போது முதல் விசிறி வேகமாகவும் இரண்டாவது மெதுவாகவும் சுற்றும். அந்த வித்தியாசத்தில் வீணாகும் சக்தி சூடாக மாறி ஆயிலில் இறங்கிவிடும். இதே ஆயில்தான் உள்ளே இருக்கும் கிளச் தகடுகளை அழுத்திப் பிடிக்கிறது. அது கருகினால் தகடு வழுக்கும். தகடு வழுக்கினால் சூடு இன்னும் ஏறும்.

இந்த வகைக் கியர்பாக்ஸ்களில் பெயர்பெற்ற அலிசன் நிறுவனத்துக்குச் சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே தொழிற்சாலை இருக்கிறது. டிப்பர், நகரப் பேருந்து, தீயணைப்பு வண்டி ஆகியவற்றில் இவை ஓடுகின்றன. அலிசனின் ஓட்டுநர் கையேடுகள் கியர்பாக்ஸின் அடித்தொட்டி ஆயிலுக்கு 121 டிகிரி செல்சியஸை உச்ச வரம்பாகச் சொல்கின்றன. ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாயில் அதே ஆயில் 149 வரை போகலாம். ஒரே ஆயிலுக்கு இரண்டு வரம்புகள்! அதனால் சூடு காட்டும் மீட்டர் வைக்க நினைத்தால், சென்சாரை வாங்குவதைவிட, அதை எங்கே பொருத்துகிறோம் என்பதுதான் பெரிய முடிவு. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு போனால், தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தார்களா நாக்கடியில் வைத்தார்களா என்பதைப் பொறுத்து எண் மாறுவது போலத்தான் இதுவும்.

சென்சார் என்பது விரல் நீளப் பித்தளை போல்ட். உள்ளே இருக்கும் சிறு வில்லையில், சூடு ஏற ஏற மின்தடை குறையும்; அதை மீட்டர் டிகிரியாகக் காட்டும். கூலர் குழாயில் பொருத்தினால் கன்வெர்ட்டரிலிருந்து அப்போதே வெளிவரும் சூடு தெரியும். ஏற்றத்தில் முள் சட்டென்று எகிறும், ஓட்டுநர் மிரண்டுபோவார். அடித்தொட்டியில் பொருத்தினால் முள் நிதானமாக நகரும், மொத்த ஆயிலின் நிலை தெரியும். தினசரி ஓட்டத்துக்கு அடித்தொட்டிதான் சரி. ஆனால் சென்சாரின் நுனி ஆயிலுக்குள் முழுதும் முங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது காற்றின் சூட்டைத்தான் காட்டும். சில கியர்பாக்ஸ்களில் அழுத்தம் பார்ப்பதற்கென்றே திருகு மூடியோடு ஒரு துளை விட்டிருப்பார்கள். அதில் பொருத்தினால் தொட்டியைத் துளையிடும் வேலை மிச்சம்.

பொருத்துவதைவிட வயரிங்கில்தான் அதிகம் சொதப்புகிறது. ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகவே கிடைக்கிறது. ஆயில் கசியக் கூடாது என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் எர்த் அறுந்து மீட்டர் பொய் சொல்லும். கனரக லாரிகள் 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் மீட்டரை அப்படியே இணைத்தால் புகைதான் வரும். ஒரு கம்பெனி மீட்டரோடு இன்னொரு கம்பெனி சென்சாரைச் சேர்த்தால் முள் நகரும், எண் மட்டும் சரியாக இருக்காது. அலுமினியக் கூட்டில் முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை போய்விடும், சில சமயம் கூடே விரிசல் விடும். மாட்டுவதற்கு முன் சென்சாரை மீட்டரோடு இணைத்து, பித்தளை உடம்புக்கு ஒரு எர்த் வயர் கொடுத்து, கொதிக்கும் தண்ணீரில் நுனியை முக்கிப் பார்ப்பது நல்லது. 100ஐ ஒட்டி நின்றால் மாட்டலாம்.

புதிய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸுக்குள்ளேயே சென்சார் உண்டு. கம்ப்யூட்டர் அதைப் படித்து, வரம்பு மீறினால் எச்சரிக்கை விளக்கைப் போடும். ஆனால் விளக்கு எரியும் நேரத்தில் ஆயில் ஏற்கெனவே வெந்திருக்கும். மலைப்பாதையில் பாரம் இழுக்கும் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு டிகிரி காட்டும் மீட்டர் அவசியம். சமவெளியில் ஓடும் மேனுவல் லாரிக்கு அந்தச் செலவு தேவையில்லை. அந்தப் பணத்தில் காலத்தோடு கியர் ஆயிலை மாற்றிவிடலாம்.

முள் வரம்பைத் தாண்டினால் வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். ஆயிலோ தண்ணீரோ ஒழுகவில்லை என்றால் என்ஜினை உடனே அணைக்க வேண்டாம். அணைத்தால் கூலருக்கு ஆயிலைத் தள்ளும் பம்பும் நின்றுவிடும். நியூட்ரலில் போட்டு 1,200 முதல் 1,500 ஆர்பிஎம்மில் ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் சூடு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் என்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.