தோம்பில் எழுதிய விசுவாசம்

மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியரைப் பற்றி இயேசுநாதர் ஓர் உவமை கூறினார். பதின்மர் கையிலும் விளக்கு இருந்தது, பதின்மரும் கண்ணயர்ந்தனர். மாலைப்பொழுதில் அவர்களைக் கண்ட எவரும், இவர் ஆயத்தமானவர், இவர் ஆயத்தமில்லாதவர் என்று பிரித்துச் சொல்லியிருக்க இயலாது. நள்ளிரவிலே மணவாளன் வருகிறான் என்ற குரல் எழுந்தபோதுதான், ஐவரிடம் எண்ணெய் இருந்ததும் ஐவரிடம் இல்லாதிருந்ததும் வெளிப்பட்டன. மெய்யான விசுவாசமும் பெயரளவான விசுவாசமும் அமைதிக் காலத்தில் ஒரே தோற்றம் உடையன. சோதனை வேளையிலேயே அவை வேறுபடுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிறிஸ்தவ வரலாறு இவ்வுவமைக்கு ஒரு விரிவுரை போல அமைந்துள்ளது.

1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்களுடன் வந்த பிலிப்பு பால்டேயஸ் பாதிரியார் தமிழ் கற்றவர். தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, சாவகச்சேரி முதலிய ஊர்களிலிருந்த கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் சுற்றிப் பார்த்து விரிவாக எழுதியவர். யாழ்ப்பாணப் பகுதியில் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர் என்பது 1663ஆம் ஆண்டுக் கணக்கு. கேட்போர் வியக்கும் தொகையே. ஆயினும் அதன் காரணம் தெளிவானது. ஊர்தோறும் உபாத்தியாயர் தோம்பு என்னும் பதிவேட்டை வைத்திருந்தார். ஞானஸ்நானமும் விவாகமும் அதிலே பதியப்பட்டன. திருமுழுக்குப் பெறாதவனுக்கு முதலியார் பதவி இல்லை. அரசாங்க உத்தியோகம் இல்லை. விவாகத்துக்கும் முதுசச் சொத்துக்கும் சட்டத்தின் துணை பெறுவதும் அரிதாயிற்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் குற்றப்பணம் செலுத்தினர். ஆகவே மக்கள் பெயரைக் கொடுத்தனர், உள்ளத்தைக் கொடுத்தாரல்லர். பகலிலே பிரசங்கம் கேட்டவர் பலர், இரவிலே தம் குலதெய்வத்தை மறைவாக வழிபட்டனர். அவர்களைப் பழிப்பது முறையாகாது. காணியையும் பிள்ளைகளின் உரிமையையும் காக்க வேறு வழி அவர்களுக்கு விடப்படவில்லை. விசுவாசத்தைச் சட்டத்தால் விளைவிக்கலாம் என்று எண்ணியோரிடமே குற்றம் இருந்தது.

1795ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கட்டாயம் நீங்கியது. 1801ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 3,42,000க்கு மேற்பட்ட புரொட்டஸ்தாந்தர் இருந்தனர் எனக் கோர்டினர் பாதிரியார் குறித்துள்ளார். அடுத்த பத்தாண்டுக்குள் அத்தொகை பாதிக்கும் கீழாக இறங்கியது. 1806ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த கிளாடியஸ் புக்கானன், பாழடைந்த கோயில்களைக் கண்டார். அங்கே தொண்டாற்றிய புரொட்டஸ்தாந்தப் போதகர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழரான கிறிஸ்தியான் தாவீது ஒருவரே.

மேய்ப்பர் இல்லாமையால் மந்தை சிதறியது என்று சிலர் காரணம் கூறுவர். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதே குடாநாட்டில், மேய்ப்பரே இன்றி ஏறத்தாழ முப்பது ஆண்டு சிதறாதிருந்த வேறொரு மந்தையும் இருந்தது.

ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கக் குருமார் நாட்டினின்று அகற்றப்பட்டனர். குருவானவருக்குப் புகலிடம் அளிப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687ஆம் ஆண்டிலே கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் எளிய கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர், யார் பகைவர் என்று அவருக்குத் தெரியாது. கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். அதனைக் கண்டு முகம் மலர்ந்தவரே தம்மவர் என அறிந்தார். சில்லாலை அவருக்கு அரணாயிற்று. பின்னர் ஒரு கிறிஸ்து பிறப்பு விழா இரவிலே, வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். தலைவர்கள் சிலர் சவுக்கடி பட்டனர். அம்மக்களுக்கு அவ்விசுவாசத்தால் பதவியுமில்லை, காணியுமில்லை. இழப்பு மட்டுமே இருந்தது. எனினும் அந்த விளக்கு அணையவில்லை. வாஸ் அடிகள் 1711ஆம் ஆண்டு கண்டியிலே காலமானார். 2015ஆம் ஆண்டு கொழும்பிலே திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1816ஆம் ஆண்டு வந்த அமெரிக்க மிஷனார் பழைய பிழையை அறிந்திருந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த கோயில்களைப் பழுது பார்த்துப் பணி தொடங்கிய அவர்கள், மனமாற்றத்தை ஆராய்ந்த பின்னரே ஒருவரைச் சபையிற் சேர்த்தனர். ஆயினும் ஆங்கிலக் கல்வியும் அதன் வழி வரும் உத்தியோகமும் புதியதொரு ஆசையாக நுழைந்தன. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டமைக்கு இக்கவலையும் ஒரு காரணம். மறுபுறத்திலே, பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைபுரிந்த ஆறுமுக நாவலர், அந்நூலை நன்கு கற்றும் தம் சைவத்தினின்று வழுவவில்லை. 1848இல் அப்பணியை விட்டுச் சைவத் தொண்டில் இறங்கினார். நம்பாததை நம்புவதாகச் சொல்ல மறுத்த அந்நேர்மையை, நேர்மையுள்ள கிறிஸ்தவரும் மதிப்பர்.

ஆகவே விசுவாசத்தின் அளவைத் தொகையிலே தேடுவது வீண். ஞானஸ்நானப் பதிவு, ஞாயிறு ஆராதனை, குடும்பப் பெயர், பாடசாலை அனுமதி ஆகியவை யாவும் விளக்கின் புறவடிவமே. இவற்றால் வரும் நன்மை நாளை நீங்குமானால், அல்லது இவற்றுக்காக ஓர் இழப்பு நேருமானால், உள்ளத்திலே எஞ்சுவது யாது? அவ்வினாவுக்கு ஒவ்வொருவரும் தனித்தே விடை காண வேண்டும். எண்ணெய் கேட்ட கன்னியருக்கு மற்றவர் கொடுக்க இயலாமற் போனது உலோபத்தினால் அன்று. அது கடனாகப் பெறும் பொருள் அன்று என்பதனாலேயே. நாள்தோறும் தனிச் செபத்திலும், எவரும் காணாத நேர்மையிலும், அயலானுக்குச் செய்யும் உதவியிலும் சிறுகச் சிறுகச் சேர்வதே அந்த எண்ணெய். நள்ளிரவுக் குரல் கேட்ட பின்னர் அதனைத் தேடி அங்காடிக்கு ஓடுவோருக்குக் கதவு அடைபட்டிருக்கும்.