தாத்தாவின் அம்பாசிடர் ஏன் கிளம்பவில்லை?



எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் நிற்கிறது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பின்பற்றி, மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் செய்த கார். 2014-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் கார் கிளம்பவே இல்லை. "சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வாராரு, கொடுத்துருவோம்" என்றார் தாத்தா. ஆச்சிக்கு முகம் வாடிவிட்டது. அம்மா பிறக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போன கார் ஆச்சே!

மெக்கானிக் மாமாவைக் கூட்டி வந்தேன். அதற்குள் நான் சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியை இறக்கிவிட்டிருந்தேன். "ஏல, சும்மா செல்ஃப் அடிக்காத. முதல்ல கரண்டு வருதானு பாரு, பெறகு பெட்ரோலு" என்றார் மாமா.

செல்ஃப் சுற்றத்தான் பேட்டரியில் தெம்பில்லை, பொறிக்குப் போதுமாம். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு என்ஜின் இரும்பில் படும்படி வைத்தார். நான் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். நீலப் பொறி தெறிக்க வேண்டும். ஒன்றுமே இல்லை! (பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்தால் தீப்பிடிக்கும். பெரியவர்கள் இல்லாமல் செய்யாதீர்கள்.)

பேட்டரி 12 வோல்ட்தான். பொறிக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அதைத் தருவது காயில். நம் பாடத்து மின்மாற்றி போல அதிலும் இரண்டு கம்பிச்சுற்று உண்டு. ஆனால் மின்மாற்றிக்கு மாறுமின்னோட்டம் வேண்டுமே, பேட்டரியில் வருவது நேர்மின்னோட்டம் அல்லவா? அங்கேதான் 'பாயிண்ட்' வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள், என்ஜின் சுற்றச் சுற்ற சேர்ந்து பிரியும். பிரியும்போது மின்னோட்டம் அறுந்து, காந்தப்புலம் சட்டென்று குறைகிறது. உடனே இரண்டாவது சுற்றில் பெரிய வோல்ட் பிறக்கிறது.

எங்கள் காரில் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே ஈரம், பாயிண்டெல்லாம் கறுப்பு! மாமா ஈரத்தைத் துடைத்தார். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை சுமார் 0.4 மில்லிமீட்டர் வைத்தார். மறுபடி சுற்றினேன். டப்! நீலப் பொறி!

பிறகு பழைய பெட்ரோலை வடித்து, கார்ப்பரேட்டரைக் கழுவிப் புதுசு ஊற்றினோம். கடைசியில் ஹேண்டிலை மாமாவே வாங்கிக்கொண்டார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடித்தார். என்ஜின் எதிர்த்து உதைத்தால் விரல் ஒடிந்துவிடுமாம். மூன்றாவது சுற்றில் கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது! முத்துமாலையம்மன் கோயில் வரை ஒரு ரவுண்டு போனோம். ஆச்சிதான் முன் சீட்டு.

சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தார். ஆச்சி காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்