மருந்துத் துளிகள் சீராக விழுகின்றனவா?

பருத்திக்கு மருந்து தெளித்த சில நாட்களிலேயே வெள்ளை ஈ மீண்டும் தென்பட்டால், மருந்தைக் குறை கூறி வேறொன்று வாங்குவது பலரின் வழக்கம். மருந்து செடி முழுவதும் சீராகப் படிந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இதற்கு நீருணர் தாள் உதவுகிறது.

இது மஞ்சள் நிறத் தாள். நீர்த்துளி பட்ட இடம் நீலப் புள்ளியாக மாறும். தெளிப்பானில் மருந்து கலக்காத வெறும் நீரை நிரப்பவும். செடியின் உச்சி, நடுப்பகுதி, இலையின் அடிப்புறம் ஆகிய இடங்களில் தாள்களைக் கிளிப்பால் பொருத்தி, வழக்கம்போல் தெளிக்கவும். பனி ஈரமோ விரல் ஈரமோ பட்டாலும் தாள் நீலமாகும். எனவே பனி உலர்ந்த பின் செய்வது நல்லது.

தாள் காய்ந்ததும் 1 செ.மீ. சதுரக் கட்டங்கள் ஐந்து வரைந்து, ஒவ்வொன்றிலும் உள்ள புள்ளிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ணவும். பூச்சிக்கொல்லிக்குச் சதுர செ.மீட்டருக்கு 20 முதல் 30 துளிகளும், பூசணக்கொல்லிக்கு 50 முதல் 70 துளிகளும் விழுந்தால் போதும்.

சராசரியை மட்டும் நம்பக்கூடாது. ஒரு தாளில் 24, 27, 22, 26, 26 என்றும், மற்றொன்றில் 3, 60, 5, 50, 7 என்றும் புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் சராசரி 25தான். ஆனால் இரண்டாவதில் மூன்று கட்டங்களில் பூச்சி தப்பிவிடும். மற்ற இரண்டில் மருந்து வீண்.

சீரை அளக்க ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டவும். கூட்டுத்தொகையைக் கட்டங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அதாவது 4 ஆல் வகுத்து, மீண்டும் சராசரியால் வகுக்கவும். முதல் தாளுக்கு 0.16, இரண்டாவதற்கு 30.6 வரும். விடை 1க்கு மிகக் குறைவானால் துளிகள் சீராக உள்ளன. 1ஐ ஒட்டியிருந்தால், களத்தில் விழும் முதல் மழைத்துளிகள்போல் தற்செயலாக விழுந்துள்ளன. 1ஐ விட மிக அதிகமானால் திட்டுத் திட்டாக விழுந்துள்ளன.

திட்டாக விழுந்தால் கவனிக்க வேண்டியவை: தேய்ந்த நாசிலை மாற்றவும். அடைப்பைக் கம்பியால் குத்தாமல் மென்மையான பிரஷ்ஷால் நீக்கவும். ஒரே வேகத்தில் நடந்து, கைப்பிடியை ஒரே சீராக இயக்கவும். காற்று பலமாக வீசும்போது தெளிக்க வேண்டாம். அடியிலைத் தாளில் புள்ளியே இல்லையெனில், நாசிலை மேல்நோக்கித் திருப்பித் தெளிக்கவும். வெள்ளை ஈ தங்குவது அங்கேதான்.

இவற்றைச் சரிசெய்து, புதிய தாளில் மறுபடி சோதித்த பின்னரே மருந்தைக் கலக்கவும்.