தரப்புள்ளி இல்லாத திறமைசாலிகள்: சப்ரகமுவ தோட்டப் பிள்ளைகளும் சதுரங்கமும்

2024 டிசம்பர் 12 ஆம் திகதி சிங்கப்பூரில் நடைபெற்ற 14 ஆவது ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரனைத் தோற்கடித்து, சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் உலக சதுரங்க சம்பியனானார். தமிழ் பேசும் மக்கள் எங்கிருந்தாலும் அந்த வெற்றியைத் தமது வெற்றியாகவே கொண்டாடினர். அந்த மகிழ்ச்சியோடு சேர்த்து எம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. பலாங்கொடையிலோ இறக்குவானையிலோ, தெரணியகலையிலோ எட்டியாந்தோட்டையிலோ உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் அசாதாரண சதுரங்கத் திறமை படைத்த ஒரு பிள்ளை இன்று இருக்குமானால், அப்படியொரு பிள்ளை இருக்கின்றது என்பதை வெளியுலகம் எவ்வாறு அறிந்து கொள்ளும்?

ஓட்டப் பந்தயத்தில் திறமையை அளக்க ஒரு கடிகாரம் போதும். தோட்டத்து மைதானத்தில் 100 மீற்றர் ஓடினாலும் கொழும்பு சுகததாச அரங்கில் ஓடினாலும் விநாடி விநாடிதான். சதுரங்கத்தில் அப்படியான அளவுகோல் கிடையாது. ஒருவர் எவ்வளவு பலசாலி என்பதை, அவர் யாரை வென்றார், யாரிடம் தோற்றார் என்பதைக் கொண்டே கணிக்க முடியும். ஆகவே ஏற்கனவே அளக்கப்பட்டவர்களுடன் மோதாத ஒருவரை அளப்பதற்கு வழியே இல்லை. சப்ரகமுவ பெருந்தோட்டப் பிள்ளைகளின் சதுரங்கப் பிரச்சினை இங்குதான் ஆரம்பமாகின்றது. பலகையும் காய்களும் வாங்குவது பெரிய காரியமல்ல. ஒரு கரம் பலகையின் விலையோடு ஒப்பிட்டால் அது அற்பச் செலவே.

இன்று உலகெங்கும் வழக்கிலுள்ள கணிப்பு முறையை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பௌதிகவியல் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ ஆவார். ஃபிடே எனப்படும் சர்வதேச சதுரங்க சம்மேளனம் 1970 இல் இதனை ஏற்றுக்கொண்டது. இதன் தத்துவம் எளிமையானது. இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், பலம் கூடியவர் நூறு ஆட்டங்களில் ஏறக்குறைய 76 புள்ளிகளைப் பெறுவார் என எதிர்பார்க்கப்படுகின்றது. எதிர்பார்ப்புக்கு மேலாக எடுத்தால் தரப்புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும். உதாரணமாக, 1500 தரப்புள்ளியுடைய ஒரு சிறுவன் 1700 உடைய ஒருவரை வென்றால் அவனுக்கு 30 புள்ளிகள் வரை கூடும். தோற்றால் 10 புள்ளிகளுக்கும் குறைவாகவே இழப்பான். 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஏற்ற இறக்கத்தை இரட்டிப்பாக்கும் விதியும் உண்டு. வேகமாக முன்னேறும் பிள்ளை பழைய புள்ளியில் முடங்கிக் கிடக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்த வகையில் இது நியாயமான முறைதான். தந்தையின் தொழிலையோ, பாடசாலையின் பெயரையோ, பேசும் மொழியையோ அது கேட்பதில்லை.

ஆனால் அந்தக் கணக்கிற்குள் நுழையும் வாசலில்தான் சிக்கல் இருக்கின்றது. முதலாவது தரப்புள்ளியைப் பெற வேண்டுமாயின், ஏற்கனவே தரப்புள்ளி பெற்ற குறைந்தது ஐந்து பேருடன் அங்கீகரிக்கப்பட்ட சுற்றுப்போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். அந்த ஐந்து ஆட்டங்களையும் 26 மாத காலத்திற்குள் பல போட்டிகளில் சேர்த்துக் கொள்ளலாம். பெறும் கணிப்பு 1400 இற்குக் குறையக் கூடாது. 2024 மார்ச் மாதத்திற்கு முன்னர் 1000 ஆக இருந்த இந்த அடிமட்டம் அப்போது 1400 ஆக உயர்த்தப்பட்டது. இதற்கு ஈடாக, 1800 தரப்புள்ளியுடைய இரு கற்பனைப் போட்டியாளர்களுடன் சமநிலை கண்டதாகக் கொண்டு கணக்கிடும் சலுகையும் புதியவர்களுக்கு வழங்கப்பட்டது.

நேரக் கணக்கையும் பார்ப்போம். இருவருமே 1800 இற்குக் குறைந்தவர்களாயினும், வழமையான ஆட்டத்திற்கு ஆளுக்கு 60 நிமிடமாவது ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. அதாவது ஓர் ஆட்டத்திற்கு இரண்டு மணித்தியாலம். ஐந்து சுற்றுக்குப் பத்து மணித்தியாலம். எனவே போட்டி இரண்டு நாட்களுக்கு நீளும். எதிரே அமர்பவர்களில் பலரும் தரப்புள்ளி இல்லாதவர்களாக இருந்துவிட்டால், அந்த இரண்டு நாட்களும் போதாமற் போய்விடும்.

கொழும்பில் வாழும் பிள்ளைக்கு இது ஒரு சனியும் ஞாயிறும். பலாங்கொடைக்கு அப்பாலுள்ள தோட்டத்துப் பிள்ளைக்கோ, லயனிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் பாதையே முதலாவது பயணம். அங்கிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர். ஒரு காலத்தில் இரத்தினபுரியையும் கடந்து ஓப்பநாயக்க வரை சென்ற களனிவெளி ரயில் பாதை அவிசாவளையோடு சுருங்கிப் பல தசாப்தங்கள் ஆகிவிட்டன. சிறுபிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது. கூடச் செல்லும் தாயோ தந்தையோ வேலை நாளை இழக்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதற்குள் பஸ் கட்டணம், பதிவுக் கட்டணம், உணவு, ஓர் இரவு தங்குமிடம் என்று கூட்டிப் பார்ப்பதற்கு ஈலோவின் சூத்திரம் தேவையில்லை.

இத்தகைய தடையைத் தாண்டிய ஒருவரின் கதை சதுரங்க வரலாற்றிலேயே இருக்கின்றது. பஞ்சாபின் மித்தா திவானா என்ற கிராமத்தில் பிறந்தவர் மீர் சுல்தான் கான். சிறுவயதில் இவர் கற்றது இந்திய முறைச் சதுரங்கம். அதில் காலாளை முதல் நகர்வில் இரண்டு கட்டம் நகர்த்த முடியாது. பெரும் நிலச்சுவாந்தரான சேர் உமர் ஹயாத் கான் இவரது ஆற்றலைக் கண்டு தமது மாளிகையில் வைத்து ஐரோப்பிய விதிகளைப் பயிற்றுவித்தார். 1928 இல் அகில இந்திய சம்பியனான சுல்தான் கான், 1929 இல் எஜமானருடன் இலண்டன் சென்று அதே வருடமே பிரித்தானிய சம்பியன் பட்டத்தையும் வென்றார். 1932 இலும் 1933 இலும் மீண்டும் வென்றார். ஹேஸ்டிங்ஸில் நடந்த 1930-31 போட்டியில், முன்னாள் உலக சம்பியன் கப்பபிளாங்கா இவரிடம் தோற்றார். அதே மாளிகையில் பணிபுரிந்த மிஸ் பாத்திமா 1933 இல் பிரித்தானியப் பெண்கள் சம்பியனானார் என்பது பலரும் அறியாத செய்தி.

அந்த வருட இறுதியில் உமர் ஹயாத் கான் நாடு திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். சர்வதேச அரங்கில் அவர் ஆடிய காலம் ஐந்து வருடங்களையும் எட்டவில்லை. கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை ஃபிடே முறையாக வழங்கத் தொடங்கியது 1950 இல். அப்போது அவர் ஊரில் விவசாயம் பார்த்துக் கொண்டிருந்தார். 1966 இல் காலமானார். 2024 பெப்ரவரியில், அவர் மறைந்து 58 வருடங்கள் கழித்து, கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. ஒரு செல்வந்தரின் தயவு அவரை உலகிற்குக் காட்டியது. அந்தச் செல்வந்தரின் பயணப்பெட்டி மூடப்பட்டதும் காட்சியும் முடிந்தது. இன்றும் எமது தோட்டப் பகுதிகளில் விளையாட்டுக்குக் கிடைக்கும் உதவிகளில் பெரும்பாலானவை இந்த ரகத்தைச் சேர்ந்தவையே. கிண்ணம் வழங்கப்படும், புகைப்படம் எடுக்கப்படும், அடுத்த வருடம் எவரும் வரமாட்டார்கள்.

சதுரங்கம் மேற்கே சென்ற வழியும் சுல்தான் கானைப் போன்றோரின் முன்னோர் போட்ட வழிதான். இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் ஷத்ரஞ் ஆயிற்று. 9 ஆம் நூற்றாண்டில் அல் அத்லியும், பின்னர் அப்பாஸிய அரசவையில் புகழ்பெற்ற அஸ் ஸூலியும் இதற்கென நூல்கள் எழுதினர். ஆங்கிலேயர் கோட்டையை அழைக்கும் ரூக் என்ற சொல் பாரசீக ருக் என்பதிலிருந்து வந்தது. மார்க்க ரீதியான தயக்கம் சில பெற்றோரிடம் இருப்பதும் உண்மை. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பான்மையாகப் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், சூதாட்டம் கலவாமலும் தொழுகையைப் பாழாக்காமலும் ஆடும் சதுரங்கம் மக்ரூஹ் என்ற அளவிலேயே கொள்ளப்பட்டது. ஏனைய மத்ஹபுகளில் இதைவிடக் கடுமையான கருத்துக்களும் உள்ளன. அது அவரவர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய விடயம். போட்டி ஏற்பாட்டாளர்கள் செய்யக்கூடியது, சுற்றுக்களின் நேரத்தைத் தொழுகை நேரங்களோடு மோதாமல் அமைப்பதாகும்.

சென்னை எவ்வாறு சதுரங்க நகரமாயிற்று என்பதை ஆராய்ந்தால், தனிமனித மேதைமைக்கு முன்னர் ஓர் அறையும் சில மேசைகளும் இருந்ததைக் காணலாம். 1961 இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டரான மனுவேல் ஆரோன், 1972 இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் மிகைல் தால் பெயரிலான கழகத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தார். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் வலிமையானவர்களுடன் மோதிப் பழகியது அங்குதான். அவர் 1988 இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டரானார். பின்வந்த தலைமுறையில் குகேஷுக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் அவர்களது பாடசாலை வகுப்புகளிலிருந்து விடுப்பு அளித்துப் போட்டிகளுக்கு அனுப்பியது. இவ்வளவு அருகில் இருந்தும், 2024 இறுதி வரை இலங்கைக்கு ஒரு கிராண்ட்மாஸ்டர்கூடக் கிடைக்கவில்லை. எனவே இது தோட்டங்களுக்கு மட்டும் உரிய குறையன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். சதுரங்கம் ஆடினால் கணிதத்தில் புள்ளி கூடும், புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவும் என்று சொல்லிப் பெற்றோரை இணங்கவைக்கும் வழக்கம் பரவியுள்ளது. இங்கிலாந்தில் 100 ஆரம்பப் பாடசாலைகளில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஒரு வருடம் சதுரங்கம் கற்ற பிள்ளைகளின் கணிதப் பெறுபேற்றில் மறுவருடம் எந்த வேறுபாடும் காணப்படவில்லை என்றே கூறிற்று. பொய்யான வாக்குறுதியை நம்பிச் சேர்ந்த பிள்ளை, அடுத்த பரீட்சையில் புள்ளி குறைந்தவுடன் பலகையை விட்டு எழுப்பப்படும். விளையாட்டை விளையாட்டாகவே அறிமுகப்படுத்துவது நேர்மையானது.

தோட்டப்புறத்திற்குச் சென்னையைவிடப் பொருத்தமான உதாரணம், கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்திலுள்ள மரோட்டிச்சால் கிராமம். ஒரு காலத்தில் சாராயமும் சூதும் மலிந்திருந்த அந்த ஊரில், உண்ணிகிருஷ்ணன் என்ற தேநீர்க் கடைக்காரர் வருவோர் போவோருக்கெல்லாம் சதுரங்கம் கற்பித்தார். நாளடைவில் வீட்டுக்கு வீடு ஆடுவோர் உருவாகினர். அங்கிருந்து உலக சம்பியன் எவரும் வரவில்லை. ஆயினும் மாலை வேளையில் ஆண்கள் அமர்ந்திருக்கும் இடம் மாறியது. கசிப்பின் கொடுமையை அறிந்த எமது தோட்ட மக்களுக்கு அதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

ஆனால் மரோட்டிச்சாலைப் போல ஆடுவோர் பெருகுவதும், ஒரு பிள்ளை தரப்புள்ளி பெறுவதும் வேறு வேறு விடயங்கள். இரண்டாவதற்கு வேண்டிய பழக்கங்கள் சில உண்டு. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். ஒவ்வொரு நகர்வையும் எழுத வேண்டும். நேரம் முடிந்தால், பலகையில் வெல்லும் நிலையில் இருந்தாலும் தோல்விதான். வீட்டில் கடிகாரமின்றி ஆடிப் பழகிய பிள்ளை பெரும்பாலும் தடுமாறுவது இவற்றில்தான். மொழி இங்கு பெரிய தடையன்று. நகர்வுகளை எழுத எட்டு ஆங்கில எழுத்துக்களும் எட்டு இலக்கங்களும், காய்களைக் குறிக்கும் ஐந்து எழுத்துக்களும் போதும். எந்த ஆசிரியரும் அதை ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம்.

எஞ்சுவது தூரம். ஐம்பது பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்புவதைவிட, தரப்புள்ளி பெற்ற பத்துப் பேரை இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ அழைத்து வருவது மிகச் சிக்கனமானது. சப்ரகமுவவின் தமிழ்ப் பாடசாலைகள் பல சிறியவை. தனியே ஒரு போட்டியை நடத்தும் பலம் அவற்றுக்கு இல்லை. பலாங்கொடை, மாவனல்லை போன்ற நகரங்களின் முஸ்லிம் பாடசாலைகளும் சுற்றுவட்டத் தோட்டப் பாடசாலைகளும் சேர்ந்தால் ஒரு மண்டபம் நிறையும். சம்மேளனத்தில் முன்கூட்டிய பதிவு, தகுதி பெற்ற ஒரு மத்தியஸ்தர், கடிகாரங்கள், பாடசாலை மேசைகள், விடுமுறையில் இரண்டு நாட்கள் ஆகியவையே தேவை. சுவிஸ் முறையில் நடத்தினால் முதற் சுற்றில் தோற்ற பிள்ளை வீடு திரும்ப வேண்டியதில்லை. சம பலமுள்ளவர்களுடன் கடைசிச் சுற்று வரை ஆடலாம்.

முதன்முறை வரும் பிள்ளைகளுக்காக விதிப்புத்தகத்தில் இன்னுமொரு வரி இருக்கின்றது. தரப்புள்ளி இல்லாத ஒருவர் தமது முதலாவது போட்டியில் அரைப் புள்ளியேனும் பெறாவிட்டால், அந்தப் பெறுபேறு கணக்கில் சேர்க்கப்படமாட்டாது. அடுத்த போட்டியிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும்.